பின்தங்காத கம்பி

திருவிழாக் கச்சேரிகளில் நவநீதம் மாஸ்டரின் பேஞ்சோவுக்குத் தனிப் பேர் உண்டு. ஒரு கையால் கட்டைகளை அழுத்தி, மறுகையால் கம்பியை மீட்டும் வாத்தியம் அது. பாட்டு எங்கே பிசகினாலும் மாஸ்டருக்குக் குற்றவாளி ஒருவன்தான்: கம்பி மாட்டும் கோதண்டம்.

அன்று ஒத்திகையில் பேஞ்சோ மறுபடியும் தாளத்துக்குப் பின்தங்கியது.

“தொய்ஞ்ச கம்பியாப் பாத்து மாட்டியிருக்கே. பின்தங்காத கம்பியாப் பொறுக்கி மாட்டு. இல்லேன்னா இப்பவே ஊருக்கு பஸ் ஏறிடு” என்றார் மாஸ்டர்.

கோதண்டம் கம்பிகளை முழுக்கக் கழற்றிவிட்டு வாத்தியத்தை அவர் மடியில் வைத்தான்.

“உங்க விரல் வேகத்துக்குத் தக்கபடி பொறுக்கணும் மாஸ்டர். பாட்டை ஒரு தடவை வெறும் கட்டையில வாசிங்க. தாவூத் அண்ணன் டோலக் அடிக்கட்டும்.”

“பாத்துக்கடா என் வேகத்தை!”

கம்பி இல்லாததால் கட்டைகள் ‘டக் டக்’கென்று மட்டும் ஒலித்தன. டோலக்கின் அடி விழுந்த பிறகே ஒவ்வொரு டக்கும் வந்தது. பாடகி ரெஜினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாஸ்டரின் விரல்கள் பாதியில் நின்றன.

“எந்தக் கம்பிடா போடப் போறே?” குரல் இறங்கியிருந்தது.

“பழசே போதும் மாஸ்டர். தாவூத் அண்ணன்தான் கொஞ்சம் அவசரக்காரர். நிதானமா அடிக்கச் சொல்லிடலாம்.”

“ஆமாம் மாஸ்டர், தப்பு என்னுதுதான்” என்றார் தாவூத், சிரிக்காமல்.

மாஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“நீ அதே வேகத்துல அடி, தாவூத். கோதண்டம், நீ உக்காரு. கம்பியை அப்புறம் மாட்டலாம்.”