திரைக்குப் பின்னால் தேறியவர்கள்

மாதம் மும்மாரி பொழிகிறது என்று புலவர்கள் பாட, வறண்ட குளத்தைப் பார்த்தபடியே அதை நம்பிய ஓர் அரசன் முன்னொரு காலத்தில் இருந்தான். அவன் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அவன் ஒரு மருத்துவக் கலாசாலை வைத்திருந்தான். அதன் தலைமை ஆசான் திருமேனி வைத்தியர் மகா நீதிமான். மாணவன் முகத்தைப் பார்த்தால் மனம் சாய்ந்துவிடும் என்று, பரீட்சை நாளில் நடுவே கனத்த திரை ஒன்றைத் தொங்கவிடுவார். இந்தப் பக்கம் கேள்வி, அந்தப் பக்கம் விடை. கேள்விகள் மட்டும் ஆண்டாண்டாக மாறியதில்லை. புதிதாக யோசிப்பது வைத்தியர் உடம்புக்கு ஆகாது.

அவரிடம் நான்கு பேர் படித்தார்கள். படித்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. உலகன், அச்சுதன், பொன்னன் மூவரும் ஆற்றில் நீந்தினார்கள், சேவற்சண்டை பார்த்தார்கள், வயிறு நிறையத் தின்று தூங்கினார்கள். கோவன் ஒருவன்தான் மலையேறி, மூலிகை பறித்து, நாக்கில் வைத்துப் பார்த்துக் கற்றான்.

பரீட்சை வந்தது. மூவரும் கோவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"திரைக்குக் கண் இல்லையப்பா. பேரை நாங்கள் சொல்கிறோம், விடையை நீ சொல். உன் அறிவு வேறு யாருக்கு உண்டு?"

கோவனுக்குப் புகழ்ச்சி என்றால் வெல்லக்கட்டி. ஒப்புக்கொண்டான்.

உலகன் பேரைச் சொன்னான், கோவன் விடை சொன்னான், வைத்தியர் "பலே" என்றார். அச்சுதன் பேரைச் சொன்னான், கோவன் விடை சொன்னான், வைத்தியர் "பலே பலே" என்றார். பொன்னன் முறை வந்தபோது வைத்தியருக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது.

கடைசியில் கோவன் தன் பேரைச் சொல்லி, அதே விடைகளைச் சொன்னான்.

"அடே, முன்னவர் மூவரும் சொன்னதை அட்சரம் பிசகாமல் சொல்கிறாயே! ஒட்டுக்கேட்டு ஒப்பிக்கிறாயா?" என்று சீறினார் நீதிமான்.

உண்மையைச் சொன்னாலும் குற்றம்தான் என்பதால் கோவன் வாயைத் திறக்கவில்லை. மூவருக்கும் முத்திரை மோதிரம் கிடைத்தது. கோவனுக்கு அரச கட்டளை கிடைத்தது: இனி நோயாளியைத் தொட்டால் தலை போகும்.

சில மாதம் கழித்துத் திருமேனி வைத்தியரைப் பாம்பு தீண்டியது. உடம்பு நீலம் பாரித்து, நாக்கு தடித்து, அவரால் ஒரு சொல் சொல்ல முடியவில்லை. புது வைத்தியர்கள் மூவரும் ஓடிவந்து நாடியைத் தேடினார்கள். கிடைக்கவில்லை; தேடியது முழங்கையில்.

பிறகு வழக்கமான வைத்தியத்தில் இறங்கினார்கள். கோவனைப் பின்வாசல் வழியாக அழைத்துவந்து, கட்டிலருகே அதே திரையைக் கட்டினார்கள்.

"கொல்லையில் சிறியாநங்கை இருக்கும். பறித்து வாருங்கள்" என்றது திரைக்குப் பின்னிருந்த குரல்.

உலகன் முருங்கைக்கீரை கொண்டுவந்தான். பருப்பு இருந்தால் கூட்டு வைத்திருக்கலாம். அச்சுதன் ஊமத்தை கொண்டுவந்தான். கொடுத்திருந்தால் வைத்தியருக்கு இனி எந்த நோயும் வந்திராது. பொன்னன் தோட்டக்காரனைக் கேட்கப் போனான்; முத்திரை மோதிரம் போட்டவன் கேட்பதா என்று வெட்கப்பட்டு வெறுங்கையோடு திரும்பினான்.

திரைக்குப் பின்னால் நின்ற கோவனுக்கு ஆசானின் மூச்சு அறுந்து அறுந்து வருவது கேட்டது. தன் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு திரையை விலக்கி வெளியே வந்து, கொல்லைக்கு ஓடி, இலையைப் பறித்து, கசக்கி, சாற்றை அவர் வாயில் பிழிந்தான்.

பொழுது சாயும்போது வைத்தியர் கண் திறந்தார். அரசனும் வந்து நின்றான்.

"என் பரீட்சையில் எத்தனை பேர்தான் தேறினார்கள்?" என்று மெல்லக் கேட்டார் வைத்தியர்.

"ஒருவன்தான் ஐயா. அவனைத்தான் விரட்டிவிட்டீர்கள்" என்றான் கோவன். "ஆனால் நானும் யோக்கியன் இல்லை. அன்று என் வாய் சும்மா இருந்திருந்தால், இவர்கள் தோற்றாவது படித்திருப்பார்கள். இன்று உங்கள் உயிர் ஊசலாடியிருக்காது."

அரசன் கோவனின் தலையை விட்டுவைத்தான். மூவரின் மோதிரங்களைக் கழற்றி முதல் வகுப்பில் உட்காரவைத்து, அவர்களுக்குப் பாடம் சொல்வதே கோவனுக்குத் தண்டனை என்றான். தலையையே எடுத்திருக்கலாம் என்று கோவன் பலமுறை நினைத்ததுண்டு. திரையைக் கிழித்துக் கஷாயம் வடிகட்டும் துணியாக்கினார் வைத்தியர். கேள்விகளையும் மாற்றினார், உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகவே, கேட்டவர்களே: பிறர் அறிவால் பெற்ற பட்டம் பேருக்கு முன்னால் நிற்குமே தவிர, உயிர் போகும் வேளையில் கூட வந்து நிற்காது.