அரசன் உழுத மேய்ச்சல் நிலம்

பெரியவர்களே, பிள்ளைகளே, கேளுங்கள். நம் பாட்டன்களின் பாட்டன்கள் பிறப்பதற்கும் முன்னால், சேந்தன் என்றோர் அரசன் கிளுவைநாட்டை ஆண்டுவந்தான். நல்லவன்தான். குடிகள் பசித்திருக்கப் பொறுக்கமாட்டான். ஆனால் தன் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டுமே நம்புவான்.

ஊருக்கு மேற்கே ஒரு பெரிய மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடந்தது. ஊர் மாடுகளெல்லாம் அங்கேதான் மேயும். ஒருநாள் அவ்வழியே குதிரையில் போன அரசன், மாடு மேய்க்கும் பாவாத்தாளைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"இத்தனை பெரிய நிலத்தில் என்ன விளைகிறது?"

"பால் விளையுதுங்க சாமி. எரு விளையுதுங்க. ஏர் இழுக்கிற எருது விளையுதுங்க."

அரசன் சிரித்தான். "அதெல்லாம் மாடு தருவது. நிலம் தருவது வெறும் புல்தானே."

அந்த மாதமே ஏர்கள் இறங்கின. முதல் நாள் புல் புரண்டது. இரண்டாம் நாள் வேர் புரண்டது. மூன்றாம் நாள் மண் மட்டுமே மிஞ்சியது. சோளம் விதைத்தார்கள். ஒரு மழை பெய்தது. பயிர் முழங்கால் உயரம் வந்தது. அரசன் பார்த்துப் பார்த்துப் பூரித்தான்.

பிறகு மழை இல்லை. பயிர் வாடி நின்றது. மாடுகளுக்கு மேய இடமில்லை. போர் போட்டிருந்த தீவனமும் தீர்ந்தது. தொழுவங்களில் மாடுகள் கத்துவது அரண்மனை வரை கேட்டது. அரசனுக்குச் சோறு இறங்கவில்லை.

"கதிர் பிடிக்காத பயிர்தானே, மாடாவது தின்னட்டும். முதலில் என் மாடுகள் போகட்டும். பின்னாலேயே ஊர் மாடுகளை விடுங்கள்" என்றான்.

பாவாத்தாள் ஓடிவந்தாள். "வேண்டாஞ் சாமி. வாடின சோளப்பயிர் மாட்டுக்கு நஞ்சுங்க."

நிலம் போன கோபத்தில் பேசுகிறாள் என்று நினைத்த அரசன், வேலியைத் திறக்கச் சொன்னான்.

அரண்மனை மாடுகள் நாற்பதும் ஆவலாக மேய்ந்தன. சற்று நேரத்தில், அரசன் கையால் பிண்ணாக்கு தின்று வளர்ந்த சிவலைப் பசு தலையை உதறியது. மூச்சு இரைத்தது. வாயில் நுரை தள்ள, கால் பின்னி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்பால் மூன்று. வாயில் மென்ற சோளத்தாளோடு மாடுகள் சரிந்துகொண்டே இருந்தன.

அரசன் ஓடிப்போய்ச் சிவலையின் தலையை மடியில் எடுத்துக்கொண்டான். அது அவனைப் பார்த்தபடியே அடங்கியது. பகைவன் யாரும் வரவில்லை. இரக்கப்பட்டுத் தின்னக் கொடுத்த தன் கைதான் கொன்றது என்பது அவனுக்கு விளங்கவே நேரமாயிற்று. நிமிர்ந்து பார்த்தான். ஊர் மாடுகளை உள்ளே விடாமல், பாவாத்தாள் தடியைக் குறுக்கே நீட்டி வேலிவாயிலில் நின்றிருந்தாள்.

"புல்லும் வாடுமே, அது கொல்லாதா?" என்று அவளிடம் கேட்டான்.

"கொல்லாதுங்க. காஞ்சாலும் மாடு தின்னும். மேல கருகினாலும் வேரு உசுரோட கிடக்கும், ஒரு தூறலுக்குத் துளிர்த்துக்கும். நீங்க உழுது போட்டது அந்த வேரைத்தானுங்க."

அரசன் பக்கத்து நாட்டுக்கு நடந்தே போய், அவர்கள் மேய்ச்சலில் ஊர் மாடுகளுக்கு இடம் கேட்டு வாங்கினான். மாடுகள் அங்கே போய்விட, எருவும் எருதும் இல்லாமல் ஊரின் பாதி வயல்கள் உழாமல் கிடந்தன. புல்விதை தூவிய மேற்கு வெளியை மூன்று ஆண்டுகள் அவனே முன்னின்று காத்தான். நான்காம் ஆண்டுதான் மாடுகள் திரும்பின.

ஆகவே, மேய்ச்சல் நிலத்தை வீண் நிலமென்று எண்ணி அழிப்பவன், தன் தொழுவத்தையும் வயலையும் சேர்த்தே அழிக்கிறான்.