பாவூர்சத்திரத்தில் காய்ந்த கூரை

தென்காசியில் இலஞ்சி ரோட்டோரமாக வண்டி கழுவுகிற பட்டறை ஒன்று இருந்தது. அதை நடத்திய மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளைதான் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். அந்த ஒன்றும் யாரிடம் இருக்கிறது என்று கடைசிவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மூவரில் நல்லபெருமாளுக்கு அந்த ஆனி மாதம் கல்யாணம் கூடி வந்தது. பெண் பெயர் ஆவுடை. ஸ்கூட்டர் கழுவ வந்தவள். இவன் ஸ்கூட்டரோடு அவளுடைய கைப்பையையும் சோப்புப் போட்டுக் கழுவிக் கொடுத்ததைப் பார்த்து, இவ்வளவு அக்கறையான ஆளா என்று அங்கேயே மனசைப் பறிகொடுத்துவிட்டாள். அவள் அப்பா கோமதிநாயகத்துக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஒரே மகள், மூன்று நாள் சாப்பிடாமல் அடம்பிடித்தாள், என்ன செய்வார் பாவம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. திறந்த காரில் மாப்பிள்ளையை உட்கார வைத்து, மேளதாளத்தோடு ஊர் பார்க்க அழைத்துவர வேண்டும். அதற்காக ஓர் எஸ்டேட் முதலாளியிடம் இரவல் கேட்டு, துணிக்கூரை போட்ட கார் ஒன்றைக் கொண்டுவந்தார் கோமதிநாயகம். பட்டனை அமுக்கினால் கூரை மடங்கிப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். மரத்தடியிலேயே நின்ற வண்டி, கூரையெல்லாம் பாசியும் காக்கை எச்சமும்.

அன்று காலை எட்டு மணிக்குப் பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு, விரல் மடக்கி விரல் மடக்கிச் சொன்னார்.

"மாப்ளே, நல்லாக் கேட்டுக்கிடுங்க. பம்பு வச்சுப் பீச்சக் கூடாது, துணி கிழிஞ்சிரும். சோப்புத் தண்ணி தொட்டு, மெத்துனு இருக்கிற பிரஷ்ஷால ஒரே பக்கமாத் தேய்க்கணும். ஈரத்தோட மடக்கவே கூடாது, பூஞ்சை பிடிச்சிரும். காஞ்ச பிறகு, தண்ணி ஒட்டாம இருக்க இந்த டப்பா மருந்தை அடிங்க. அடிச்சிட்டுத் தண்ணி தெளிச்சுப் பாருங்க. முத்து முத்தா உருண்டு ஓடுனா மருந்து பிடிச்சிருக்குன்னு அர்த்தம்."

"சரி மாமா."

"அஞ்சு மணிக்கு வண்டி கோயில் வாசல்ல நிக்கணும். இந்தக் கூரைக்கு ஏதாவது ஆச்சு, கல்யாணம் கிடையாது. எம் பொண்ணு அழுதாலும் கிடையாது."

ஆவுடை இல்லாத வாழ்க்கையை நல்லபெருமாளால் நினைத்துப் பார்க்கவே முடியாது. அன்றைக்கு மாமனார் சொன்ன ஒரு சொல்லைக்கூடக் கீழே விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டான்.

பிரஷ்ஷை முன்கண்ணாடிப் பக்கம் வைத்துப் பின்பக்கம் வரைக்கும் ஒரு இழுப்பு இழுத்தான். பாசி அழகாகப் பெயர்ந்து வந்தது. அடுத்த இழுப்புக்குக் கையை முன்னால் கொண்டுபோனான்.

"நிறுத்துலே," என்றான் கூட்டாளி மாடக்கண்ணு. "இப்ப பிரஷ்ஷு எந்தப் பக்கம் போகுது?"

"முன்பக்கம்."

"ஒரே பக்கம்னுல்லா உங்க மாமனாரு சொன்னாரு?"

"தேய்க்கலையே, தூக்கிட்டுத்தானே போறேன்."

மூன்றாமவன் உச்சிமாகாளி தலையை ஆட்டினான். "தூக்கிட்டுப் போனாலும் திரும்பிப் போனது போனதுதானலே. நாளைக்கு நூலு பிரிஞ்சா யாரு பதில் சொல்லுதது?"

மூவரும் குந்தி உட்கார்ந்து யோசித்தார்கள். எட்டாவது வரை படித்த மாடக்கண்ணு, பூமி உருண்டையாக இருப்பதால் பின்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தால் ஒருநாள் முன்பக்கம் வந்துவிடலாம் என்றான்.

"அஞ்சு மணிக்குள்ள வந்துரலாமா?" என்று கேட்டான் நல்லபெருமாள்.

"ரோடு எப்படி இருக்கோ, தெரியலையே."

கடைசியில், பூமியைச் சுற்றுவதற்குப் பதில் காரைச் சுற்றினால் போதும் என்று தீர்மானமாயிற்று. ஒரு இழுப்பு, ஒரு சுற்று. மறுபடி ஒரு இழுப்பு, ஒரு சுற்று. ஒருவன் பிரஷ்ஷோடு முன்னால் போக, மற்ற இருவரும் வாளியைத் தூக்கிக்கொண்டு பயபக்தியோடு பின்னால் போனார்கள். எழுபதாவது சுற்றில் பஸ்ஸை விட்டு இறங்கிய ஓர் அம்மாள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தானும் மூன்று சுற்றுச் சுற்றி, கூரையில் திருநீறு பூசிவிட்டுப் போனார். அதையும் ஒரே பக்கமாகத் தேய்த்து எடுத்தார்கள்.

மத்தியானம் கூரை புதுத்துணி மாதிரி ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சாரல் விழ ஆரம்பித்தது.

சாரல் காலத்துத் தென்காசியில் கைக்குட்டை காயவே இரண்டு நாளாகும். கிழக்கே பத்து கிலோமீட்டர் தள்ளிப் பாவூர்சத்திரத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும். வண்டியை அங்கே கொண்டுபோய் ரோட்டோரம் நிறுத்தினார்கள். ஒரு மணி நேரத்தில் கூரை அப்பளமாகக் காய்ந்தது. மருந்தடித்தார்கள். தண்ணீர் தெளித்தார்கள். முத்து முத்தாக உருண்டு ஓடியது. நல்லபெருமாளுக்கு ஆனந்தத்தில் கண் கலங்கியது.

"மடக்குங்கலே, போவோம்," என்றான்.

"எப்படி மடக்குதது?" என்றான் உச்சிமாகாளி. "ஈரமால்லா இருக்கு."

நியாயம்தான். காய வைத்தார்கள். காய்ந்தது.

"இப்ப மடக்கலாமா?"

"மருந்து இருக்கா, தண்ணியோட போயிருச்சான்னு தெரியாம எப்படி மடக்க?" என்றான் மாடக்கண்ணு.

"எப்படித் தெரிஞ்சுக்கிடுதது?"

"தெளிச்சுப் பாக்கணும்."

தெளித்தார்கள். உருண்டது. ஈரமானது. இப்படி ஏழு தடவை. மணி ஐந்தரை ஆனபோது நல்லபெருமாள் கூரையைத் துண்டால் விசிறிக்கொண்டே, ஆவுடை பெயரைச் சொல்லி வாய்விட்டு அழ ஆரம்பித்திருந்தான்.

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. வழியெல்லாம் விசாரித்துத் தேடிக்கொண்டு வந்த கோமதிநாயகம், அக்குளில் குடையோடு இறங்கினார். பின்னாலேயே, நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்று கூட வந்த ஆவுடை. கோமதிநாயகம் கூரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு கறை இல்லை, ஒரு நூல் பிரியவில்லை. திட்டுவதற்கு வாயைத் திறந்தவருக்குத் திட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. "இனிமே எவனாவது தண்ணியைத் தொட்டான், கையை முறிச்சிருவேன்," என்று மட்டும் சொல்லி, காயும்வரை காவல் நின்று, தன் கையாலேயே பட்டனை அமுக்கினார். கூரை மடங்கிப் பின்னால் படுத்தது.

மாடக்கண்ணு ஓட்ட, மாமனார் முன்னால் உட்கார, மாப்பிள்ளையும் பெண்ணும் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். உச்சிமாகாளி ஆட்டோவில் தொடர்ந்தான். பாதி வழியில் சாரல் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை நல்ல கனத்த சாரல்.

"எப்பா, கூரையைப் போடு," என்று கோமதிநாயகம் பட்டனுக்குக் கை நீட்டினார். நல்லபெருமாள் பின்னாலிருந்து பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம் மாமா. நனைஞ்சிரும்."

"எது நனையும்?"

"கூரை. மழையில விரிச்சா நனையாதா? ஏழு தடவை காய வச்சிருக்கோம். கூரைக்கு ஏதாவது ஆச்சுன்னா பொண்ணு இல்லைன்னு நீங்கதானே சொன்னீக. எனக்கு ஆவுடை வேணும் மாமா."

அவன் கண்ணில் வழிந்தது கண்ணீரா மழையா என்று தெரியவில்லை. கோமதிநாயகம் கையை இழுத்துக்கொண்டு, இருக்கிற குடையையாவது விரித்தார். நல்லபெருமாள் அதை மரியாதையாக வாங்கி, பின்னால் திரும்பி, மடங்கிக் கிடந்த கூரைக்கு மேலே பிடித்துக்கொண்டான்.

தலையிலிருந்து மூக்கு வழியாகத் தண்ணீர் சொட்ட, கோமதிநாயகம் மகளைப் பார்த்தார். "ஆவுடை, நீயாவது எடுத்துச் சொல்லும்மா."

ஆவுடை குடையைப் பார்த்தாள். பிறகு நல்லபெருமாள் கையிலிருந்து அதைப் பிடுங்கி, மடக்கி, பத்திரமாகச் சீட்டுக்கு அடியில் செருகினாள்.

"நேத்து வாங்குன புதுக் குடை. இதையுமா நனைக்கணும்?"

நல்லபெருமாள் அவளைப் பெருமையோடு பார்த்தான். பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்று ஜோசியர் சொன்னபோது நம்பாத கோமதிநாயகம், அன்றைக்கு நனைந்துகொண்டே நம்பினார்.