தலைமுழுகத் தண்ணீர்

முதலில் விசில்தான் கேட்டது. நீளமாக ஒன்று, அதன் பிறகு கோபமாகச் சில. கடைசியில் மடத்தின் இரும்புக் கதவு தடாரென்று சுவரில் மோதியது.

அம்மை நிமிரவில்லை. அந்தச் சின்ன மடத்துக்கு அவள்தான் தலைமை. கூடத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க, மாசிலாமணி. விசிலை வாயிலேருந்து எடுத்துட்டுப் பேசுங்க."

மாசிலாமணி எடுத்தார். அம்மையைவிட அவருக்குப் பத்து வயது கூட. ஆனாலும் தன்னை அவளுடைய சீடன் என்றே சொல்லிக்கொள்வார். மழை பொய்த்த இந்த வருஷம் மாநகராட்சி தெருவுக்குத் தெரு ஒரு தண்ணீர்ப் பொறுப்பாளரைக் கேட்டது. அம்மைதான் அவரைப் போகச் சொன்னாள். லாரி வந்தால் குழாய் பிடித்து வரிசையைப் பார்க்க வேண்டும். தண்ணீரை விரயம் செய்கிற வீடுகளை எழுதிக் கொடுக்க வேண்டும்.

"என்னால ஆகாது அம்மை. இந்த வேலையையே கை கழுவிட்டேன்."

அம்மை அவருடைய கைகளைப் பார்த்தாள். லாரிக் குழாயின் அழுக்கு விரலிடுக்கெல்லாம் அப்பியிருந்தது.

"கழுவின மாதிரி தெரியலையே."

"கிண்டல் பண்ணாதீங்க. குழாய் போட்டு வண்டி கழுவாதேன்னா, 'காக்கா எச்சம் சார், பெயிண்ட் போயிடும்'ங்கறான். செடிக்கு ஊத்தாதீங்கன்னா, 'துளசியைப் போய்ச் செடிங்கறீங்களே'ன்னு சண்டைக்கு வர்றாங்க. மாடி வீட்டு வாத்தியார் நாயைக் குளிப்பாட்டறார். கேட்டா, 'அதுக்குச் சட்டம் தெரியுமா'ன்னு என்னையே கேக்கறார். சட்டம் வேணாம்னு ஒருத்தரும் சொல்லல அம்மை. எல்லாருக்கும் வேணும். பக்கத்து வீட்டுக்கு."

"அது எந்த ஊர்லயும் அப்படித்தான்."

"அதான், தெருவையே தண்ணி தெளிச்சு விட்டுட்டேன்."

"வாசல் தெளிச்சா அபராதம்னு போன வாரம் என்னைப் பார்த்தே ஊதினீங்க. இப்போ நீங்க தெருவுக்கே தெளிச்சாச்சா?"

மாசிலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரோரம் உட்கார்ந்தார். புளியங்கொட்டைகள் தட்டில் விழுந்துகொண்டிருந்தன. தெருவில் யாரோ, "அண்ணே, எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்று கத்துவது கேட்டது.

"லாரி நிக்குதா?" என்றாள் அம்மை.

"நிக்குது."

"பாதியில விட்டுட்டு வந்தீங்களா?"

"ஆமா."

"நாய்க்காகவா?"

அவர் தரையைப் பார்த்தார். "திருமேனிக்காக."

திருமேனி அவருடைய தம்பி. எதிர் வீட்டில் இருப்பவன்.

"எத்தனை தடவை சொல்றது அம்மை? தினம் குழாயை நீட்டி ஸ்கூட்டரைக் கழுவறான். 'எங்கண்ணன் என்னை எழுதிக் கொடுக்க மாட்டாரு'ன்னு டீக்கடையில பெருமை வேற. 'தம்பி வண்டி மட்டும் பளபளன்னு இருக்கே பொறுப்பாளரே'ன்னு தெருவே சிரிக்குது. எழுதிக் கொடுத்துட்டேன். குழாய் இணைப்பைத் துண்டிச்சுட்டாங்க."

"விதி அதுதானே?"

"அதுதான்."

"துண்டிச்ச வீட்டுக்கு விதியில ஒண்ணுமே இல்லையா?"

மாசிலாமணி விசிலை உள்ளங்கையில் உருட்டினார்.

"லாரியில ரெண்டு குடம் உண்டு."

"கொடுத்தீங்களா?"

"அவன் பெண்டாட்டி பங்கஜம் நேத்து வந்து நின்னா. வாயே திறக்கல. அவ முறை வந்தப்போ, லாரி காலின்னு ஊதிட்டேன்."

"காலியா?"

"இல்ல."

"இன்னிக்கு?"

"இன்னிக்கும் நிக்கறா. அவ முறை வர்றதுக்குள்ள இங்க வந்துட்டேன்."

அம்மை அடுத்த புளியை எடுத்துக் கொட்டையை நீக்கினாள். அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அவன் வந்து கேக்கட்டுமே! பெண்டாட்டியை அனுப்பிட்டு உள்ள உட்கார்ந்திருக்கான். அவன் எனக்குத் தம்பியே இல்ல. அவனைத் தலைமுழுகிட்டேன் அம்மை. அவ்வளவுதான்."

அம்மை கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு குடத்தை இடுப்பில் வைத்து எடுத்துவந்து அவர் முன்னால் இறக்கினாள். பாதிக்குக் கீழேதான் தண்ணீர் இருந்தது.

"முழுகுங்க."

"என்னது?"

"முழுகிட்டேன்னு சொல்றீங்க. தலை காஞ்சு கிடக்கே."

"இது மடத்துல குடிக்கிற தண்ணி."

"ஆமா. மூணு பேருக்கு. வேற இல்ல."

"இதைப் போய் எப்படி அம்மை தலையில ஊத்தறது?"

"ஊத்த முடியாதா?"

"முடியாது."

"அப்போ மழை வரட்டும்," என்றாள் அம்மை. "அதுவரைக்கும் அவன் உங்க தம்பிதான்."

மாசிலாமணி குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வெளியே போனார்.

வரிசை கலைந்து லாரியைச் சுற்றிக் கூட்டமாகி இருந்தது. "வந்துட்டாருய்யா மகராசன்," என்றது ஒரு குரல். பங்கஜம் எல்லோருக்கும் பின்னால், கீழே வைத்த இரண்டு குடங்களுக்கு நடுவில் நின்றிருந்தாள்.

அவர் லாரிக் குழாயைக் கையில் எடுத்தார். விட்ட இடத்திலிருந்து ஒவ்வொரு குடமாக நிரப்பினார். பங்கஜத்தின் முறை வந்தது.

"இன்னும் கிட்ட வைம்மா," என்றார் சிடுசிடுவென்று. "சிந்துது பாரு."