ஆசைப்படாத ஏரித்தலைவர்

வெண்குடி என்று ஓர் ஊர். மூளையைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக விளையும். அந்த ஊரை ஆண்டு அலுத்துப்போன ராஜா ஒருநாள் ஓலை அனுப்பினார்: "இனி உங்களை நீங்களே ஆண்டுகொள்ளுங்கள். குடத்தில் பெயர் போட்டுக் குலுக்கி எடுங்கள். பதவிக்கு ஆசைப்படுகிறவனை மட்டும் வைத்துவிடாதீர்கள்."

ஊர் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் சபை என்று சம்மணம் போட்டார்கள். வீட்டில் விறகு பிளக்கச் சொன்னால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் அதே ஆசாமிகள்தான்.

கோலவல்லிக்குச் சபையைப் பற்றி அக்கறையில்லை, மதகு திறந்தால் போதும். அவள் நெல் பால் பிடிக்கிற நேரம். இரண்டு நாளில் தண்ணீர் வராவிட்டால் அத்தனையும் பதர். ஆனால் மதகுப் பலகையை ஏரித்தலைவர் மட்டுமே தொடலாம். தலைவரோ இன்னும் குடத்துக்குள் இருந்தார்.

முதலில் வந்த பெயர் நக்கன். பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டான். ஆசை என்று தள்ளினார்கள். அடுத்து பெருங்காடன். அவன் அழுதான். சபைக்குத் திருப்தி. ஆனால் அழுதுகொண்டே துண்டை உதறித் தோளில் போட்டான், அதுவும் ஆசைதான் என்று அவனையும் தள்ளினார்கள். மூன்றாவது சேந்தன். பெயரைக் கேட்டதும் எடுத்த ஓட்டத்தில் ஊர் எல்லையைத் தாண்டிவிட்டான். இப்படியும் ஓர் உத்தமனா என்று சபை உருகிப்போய் அவனையே ஒருமனதாகத் தலைவராக்கியது.

"சரி நக்கண்ணே, ஆளைக் கூட்டிட்டு வந்து மதகைத் திறக்கச் சொல்லுங்க" என்றாள் கோலவல்லி.

"வந்தா ஆசைன்னு ஆயிடுமே தங்கச்சி. வராத வரைக்கும்தான் அவர் தலைவர்."

"அப்போ என் பயிரு?"

"பயிருக்கும் அவர்தான் தலைவர்."

கோலவல்லி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே ஏரிக்கரைக்குப் போனாள். பலகையைத் தூக்கினாள். தண்ணீர் பாய்ந்தது.

சபை ஆடிப்போயிற்று. பதவியில்லாதவள் திறந்த தண்ணீர் செல்லாது, திரும்ப ஏரிக்கே போக வேண்டும் என்று தீர்மானித்தார்கள். மதகை மூட யாரும் துணியவில்லை. மூடுவதும் தலைவர் வேலையாயிற்றே. ஆகவே சபையே வயல் தண்ணீரைத் தோண்டி தோண்டியாக மொண்டு, கரையேறி ஏரியில் கொட்டியது. ஏரி அதை மரியாதையாக வாங்கி மதகு வழியே வயலுக்கு அனுப்பியது.

கோலவல்லி வரப்பில் உட்கார்ந்து, பயிரை மிதிக்காமல் நடக்கும்படி சபைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கதிர் நிமிர்ந்தது.

மூன்றாம் நாள் முதுகு ஒடிந்த சபை அவளைக் கூப்பிட்டு விசாரித்தது. பெருங்காடன் மூச்சு வாங்கக் கேட்டான்: "ஆயிரம் தோண்டி எடுத்தாச்சு, வயல்ல ஒரு விரற்கடை குறையல. உண்மையைச் சொல்லு தங்கச்சி. மிச்சத் தண்ணிய எங்க ஒளிச்சு வச்சிருக்கே?"