கடலைக் கழுவிய முடியனார்

மணற்காவூர் என்னும் கடற்கரை ஊரில் முடியனார் என்றொரு சிவனடியார் இருந்தார். உப்பளத்திலிருந்து வண்டிகள் நிற்கும் மேட்டுக்கு உப்பு மூட்டை சுமப்பது அவர் தொழில். விடியுமுன் குளித்து, திருநீறு பூசி, கோயில் வாசலில் நின்று ஐந்தெழுத்தைச் சொல்லிவிட்டுத்தான் அளத்துக்குப் போவார். உள்ளே போவதில்லை. கால் முழுவதும் உப்புப் புண்; அதோடு சந்நிதியில் நடக்க அவருக்குக் கூச்சம்.

அந்தக் கோயிலுக்கு ஒரு குறை இருந்தது. முன்னொரு புயலில் கடல் ஏறி வந்து நந்தவனத்தை மூழ்கடித்தது. தண்ணீர் வடிந்தது, உப்பு வடியவில்லை. அன்று முதல் பெருமானுக்குப் பூ வெளியூரிலிருந்து வாடி வதங்கி வந்து சேர்ந்தது. அடைமழைக் காலத்தில் அதுவும் வராது. ஒற்றைப் பூவும் இல்லாமல் சுவாமி இருப்பதை வாசலிலிருந்து பார்த்துப் பார்த்து முடியனாருக்கு மனம் பொறுக்கவில்லை. அந்த நிலத்தைத் திருத்திப் பூச்செடி வைத்துத் தருவதாக ஊர்ச்சபையிடம் கேட்டார். யாருக்கும் வேண்டாத நிலம் என்பதால் சபையார் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள்.

வேலை எளிமையானதுதான். முடிவதுதான் எளிதல்ல. சுற்றிலும் வரப்பு உயர்த்தி, பெய்கிற மழையைத் தேக்குவார். நீர் ஊறி உப்பைக் கரைத்ததும் வரப்பை வெட்டிக் கழிமுகத்துக்கு விடுவார். பிறகு எருவாகக் கொழிஞ்சிச் செடியின் தழையைப் போட்டு மண்ணைக் கொத்தி மடக்குவார். அடுத்த மழைக்கு மறுபடியும் இதே வேலை. முதலில் ஆண்டுதோறும் நந்தியாவட்டைக் கன்று வைத்துப் பார்த்தார். எல்லாம் கருகின. ஓர் உயிரை நட்டுச் சாகவிடுவது பாவமென்று தோன்றவே, மண் இனித்த பிறகுதான் கன்று என்று முடிவு செய்தார். அதன்பின் தினமும் காலையில் ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்ப்பார். உப்புக் கரிக்கும். துப்பிவிட்டு வேலைக்குப் போவார்.

ஊருக்கு நல்ல பொழுதுபோக்குக் கிடைத்தது. “என்ன முடியா, கடலைக் கழுவி முடிச்சாச்சா?” என்று சந்தையில் கேட்பார்கள். “இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குங்க” என்று அவரும் சிரித்துவிட்டுப் போவார். நடுவில் ஒரு புயல் வந்து வரப்பை உடைத்துக் கடல்நீரை மறுபடி உள்ளே விட்டது. அன்று அவர் மனைவி மருதியார்தான் உடைந்து போனார்.

“போதுங்க. ஒரு புல்லாச்சும் நின்னிருந்தா நானும் பேசாம இருப்பேன்.”

“மண்ணக் கழுவறது என் வேலை, மருதி. வெளைய வக்கிறது அவர் வேலை. அவர் வேலையில நான் என்ன கேக்குறது?” என்றார் முடியனார். மறுநாள் வரப்பை முதலிலிருந்து கட்டத் தொடங்கினார்.

ஆண்டுகள் போயின. முடியனாருக்குத் தலை நரைத்தது. நிலத்தில் ஏதாவது முளைத்தாலும் உவர்நிலத்துப் புல்தானே என்று கொத்தி மடக்கிவிடுவார். நாக்கு உப்பென்று சொல்லும்போது கண் சொல்வதை அவர் எப்படி நம்புவார்?

சபைக்குப் புதிய தலைவராகப் பனையூர்கிழார் வந்தார். கெட்டவர் அல்லர், காரியக்காரர். பூ விளையாத நிலத்தில் உப்பாவது விளையட்டும், கோயிலுக்கு வருமானம் ஆகும் என்று தீர்மானம் செய்தார். நிலம் கடலுக்குச் சற்று மேட்டில் இருந்ததால், கிணறு தோண்டி உப்புநீர் இறைத்துப் பாத்தி கட்டுவதென்று ஏற்பாடாயிற்று. அளத்துக்காரர் கடுவன் ஆட்களோடு வந்தார்.

செய்தி கேட்ட முடியனார் கோயில் வாசலுக்குப் போய் நின்றார். மறைப்பானேன், அழுதார். பிறகு, “ஒமக்குப் பூ வேணாம், உப்புதான் வேணும்னா அதையும் நானே சொமக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியோடு போய்க் கிணறு தோண்டும் கூலியாட்களில் ஒருவராகச் சேர்ந்துகொண்டார்.

ஓராள் ஆழத்தில் நீர் ஊறியது. கடுவன் குழியில் இறங்கி ஒரு கை அள்ளி வாயில் விட்டார். முகம் சுளித்தார். இன்னொரு கை அள்ளினார்.

“ஐயா, இந்தத் தண்ணிய வச்சு உப்பு வெளைவிக்க முடியாதுங்க. சோறுதான் ஆக்கலாம்.”

பனையூர்கிழார் நம்பவில்லை. தாமே குடித்துப் பார்த்தார். கூடியிருந்தவர்களும் குடித்தார்கள். நல்ல நீர். ஆண்டாண்டாகத் தேக்கிய மழையெல்லாம் உப்பை இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிட்டு அதன்மேல் தங்கியிருந்தது. தலைவர் குழிக்குள் நின்ற முடியனாரைப் பார்த்தார்.

“முடியா, இத்தனை காலம் இந்த மண்ணத் தின்னவன் நீ. நல்ல தண்ணின்னு நீ சொல்லு, நிறுத்திடறேன்.”

ஒரு சொல் சொன்னால் நிலம் பிழைத்துவிடும். முடியனார் நீரைக் குடித்தார். கண் கலங்கிற்று.

“பொய் சொல்ல மனசு வரலீங்க. எனக்கு உப்பாத்தான் இருக்கு.”

கூட்டம் திகைத்தது. மருதியார் முன்னால் வந்தார்.

“ஐயா, இவரு பேச்சக் கேக்காதீங்க. கால் புண்ணு ஆறட்டும்னு போன மழைக்கு முந்தியிலேருந்தே இவரு கஞ்சில நான் உப்புப் போடறதில்ல. மூட்ட மூட்டையா சொமக்கிற மனுசனுக்கு உப்புக் கொற வச்சிருக்கேனேன்னு நானே குமைஞ்சுகிட்டிருந்தேன். ஒரு நாளு கேட்டதில்ல. பொறுத்துப் போறாருன்னு நெனச்சேன். எதத் தின்னாலும் உப்பாத் தெரியுற அளவுக்கு நாக்கே செத்துப்போச்சுன்னு இப்பத்தான் தெரியுது!”

யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தில் இருந்த கோயில் குருக்கள் அந்த நீரைக் குடத்தில் மொண்டு கோயிலுக்கு எடுத்துப் போனார். பனையூர்கிழார் முடியனாரின் கையைப் பிடித்து, புண்காலோடு அவரைச் சந்நிதிக்கு அழைத்துச் சென்றார். அபிஷேகம் ஆயிற்று. பெருமான் திருமேனியில் வழிந்த நீரைக் குருக்கள் அவர் உள்ளங்கையில் வார்த்தார். அதைப் பருகிய முடியனார் அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன முடியனாரே?” என்றார் குருக்கள்.

“இனிக்குதுங்க” என்றார். பிறகு சந்நிதியை நோக்கிக் கைகூப்பி, “நீங்க சொல்லிட்டீங்க. போதும்” என்றார்.

மறுநாள் அவர் நாக்குக்கு எல்லாம் பழையபடி கரித்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. இனி மண்ணைச் சுவைத்துப் பார்க்கும் வேலையும் இல்லை. கன்றுகள் நடப்பட்டன. அவை தம் போக்கில், மெதுவாக, வேர் பிடித்தன. அடுத்த அடைமழையில் பெருமான் நந்தியாவட்டை சூடினார்.

விதை போட்ட மறுநாளே தோண்டிப் பார்க்கிறவர்கள் நாம். பலன் வந்து காலடியில் நிற்பதுகூடத் தெரியாமல் பணி செய்துகொண்டே இருந்த முடியனாரின் உப்புக் கால்களைத் தலையில் சூடிக்கொள்ளலாம்.