உள்கைப்பிடி

"எல்லாம் கெடச்சாச்சு மேஸ்திரி. உள்கைப்பிடி ஒண்ணுதான் கெடைக்கல" என்றார் எபனேசர்.

ஜமீலா தலை நிமிரவில்லை. தரையில் குந்தி ஒரு டைனமோவைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கெல்லாம் கேட்டீங்க?"

"கோயமுத்தூர், பாலக்காடு, பெங்களூர். பூனாவுக்குப் போன் போட்டேன். கார்புரேட்டர் இருக்குங்கறான், கிளட்ச் கேபிள் இருக்குங்கறான். கைப்பிடின்னா போன வச்சிர்றான்."

மேட்டுப்பாளையத்தில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கொட்டகை ஜமீலாவுடையது. வயது முப்பத்தாறு. அவள் தகப்பன் வயதுக்காரர்கள்கூட அவளை மேஸ்திரி என்றே கூப்பிட்டார்கள். அவள் ஆகாது என்று சொன்ன வண்டியை யாரும் எடுத்துப் போனதில்லை.

எபனேசர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். மூன்று மாதத்துக்கு முன் கோத்தகிரியில் ஒரு எஸ்டேட் ஷெட்டிலிருந்து வேன் ஒன்றை வாங்கியிருந்தார். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஜெர்மன் வண்டி. பின்பக்கம் முழுக்க ஒரு சின்ன வீடு. படுக்கை, அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி. ஓட்டுகிற இடத்துக்கும் அதற்கும் நடுவே பலகைத் தடுப்பு. பக்கவாட்டில் ஒரே கதவு.

அந்தக் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடிந்தது.

"சம்சாரம் ஏற மாட்டேங்குறா. உள்ளேர்ந்து தெறக்க முடியாத பொட்டியில நான் படுக்க மாட்டேங்குறா."

"சரியாத்தானுங்களே சொல்றாங்க."

"அவளுக்குக் கண்ணு போயிட்டிருக்கு மேஸ்திரி. ஓரமெல்லாம் இருட்டு. நடுவுல ஒரு தட்டு அளவுக்குத்தான் தெரியுதாம். அதுவும் கிறிஸ்மஸ் வரைக்கும் நிக்காதுன்னுட்டார் டாக்டர். அதுக்குள்ள வேதாரண்யத்துலேர்ந்து கன்னியாகுமரி வரைக்கும் கடலக் காட்டிக் கூட்டிட்டுப் போறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"ரயிலுக்காரரு, ரயில்லயே கூட்டிட்டுப் போலாமில்ல?"

"ரயில் நிக்கற எடத்துல கடல் இருக்காது."

ஜமீலா சிரித்தாள். "லேத்துல குடுத்துச் செய்யச் சொல்றதுதானுங்களே."

"மூணு செஞ்சாச்சு. பூட்டக் கழட்டி மேஜை மேல வச்சுத் திருப்பினா தெறக்குது. கதவுல மாட்டினா சும்மா சுத்துது."

அவள் கை நின்றது.

"இன்னொண்ணும் கேக்கணும். காலைல பாத்தா கண்ணாடி உள்பக்கமா வேர்த்திருக்கு. வெளிய காஞ்சு கெடக்கு. ரப்பர் மாத்தணுமோ?"

"எந்தக் கண்ணாடி?"

"படுக்கைக்கு நேர இருக்கறது மட்டும்."

"ரப்பரால இல்லீங்க" என்றாள் ஜமீலா.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். சுவரில் ஆணியில் தொங்கிய துணிப்பையை எடுத்து வாயை விரித்துக் காட்டினாள். உள்ளே ஒரு வெள்ளிநிறக் கைப்பிடி. நான்கு திருகாணிகள். அந்த வண்டியின் பச்சைப் பெயிண்ட் இன்னும் ஓரத்தில் ஒட்டியிருந்தது.

எபனேசர் கையை நீட்டினார். அவள் பையை மூடினாள்.

"மூணு மாசமா நாயா அலையறேன். ஒரு நாள் வாயத் தெறந்து சொல்லலையே நீங்க!"

"இது ஒடஞ்சு விழுந்ததில்லீங்க சார். கழட்டினது. எங்க அத்தா கோத்தகிரிக்குப் போய்க் கழட்டிட்டு வந்தாரு. எனக்கு அப்பப் பத்து வயசு."

"எதுக்கு?"

"எங்க தொழில் வழக்கமுங்க. வண்டிக்குள்ள யாராச்சும் செத்துட்டா, மொதல்ல உள்கைப்பிடியக் கழட்டிருவோம். உள்ள இருக்கறது உள்ளயே இருக்கட்டும்னு."

"நான் வேதக்காரன் மேஸ்திரி. எங்கிட்ட போய் இந்தக் கதையெல்லாம்."

"ஒரு லைன்ல வண்டி நின்னுட்டிருக்குது. அதே லைன்ல இன்னொரு வண்டிய விடுவீங்களா?"

"அதெப்படி விடுவேன்? மொத வண்டியோட கடைசிப் பொட்டி தாண்டறத இந்தக் கண்ணால பாக்கணும். முப்பத்துநாலு வருஷம் அதானே பாத்தேன்."

ஜமீலா பையை ஆணியில் மாட்டினாள். கொட்டகை வாசலில் அவர் கொண்டுவந்து நிறுத்தியிருந்த வேனிடம் போய்க் கதவை இழுத்துத் திறந்தாள்.

"ஏறுங்க. உள்பக்கம் அளவு பாக்கோணும்."

அவர் ஏறினார். முதுகுக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது.

"மேஸ்திரி?"

செருப்புச் சத்தம் விலகிப் போனது.

வெள்ளிக்கிழமை மதியம். கொட்டகை ஆட்கள் எல்லோரும் தொழுகைக்குப் போயிருந்தார்கள்.

முதலில் சிரித்துப் பார்த்தார். பிறகு கதவைத் தட்டினார். பிறகு குத்தினார். கண்ணாடிகள் ஒன்றும் திறக்கிற சாதியில்லை. "எனக்கு அறுபத்திரண்டு வயசு! பிரஷர் இருக்கு!" என்று கத்தினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கைப்பிடி இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். அவற்றைச் சுற்றிப் பெயிண்ட் தேய்ந்து தகரம் மின்னியது. மூன்று மாதமாகப் பார்த்த இடம்தான். கைபட்டுத் தேய்ந்தது என்று நினைத்திருந்தார்.

நான்கு ஓட்டைகளுக்கு நடுவிலும் தேய்ந்திருந்தது. கைப்பிடியின் அடித்தகடு மூடியிருந்த இடம். கைப்பிடி இருந்தவரை அங்கே யார் விரலும் பட்டிருக்க முடியாது.

எபனேசர் தன் கையை எடுத்துக்கொண்டார்.

படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. அடக்கிப் பார்த்தார்.

மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது.

படுக்கையின் அந்தக் கோடியிலிருந்து, மெதுவாக, ஒழுங்காக. பிறகு அதுவும் நின்றது. தான் கேட்கப்படுவது தெரிந்துவிட்டதுபோல.

ஜெபம் வாயில் வரவில்லை. வந்தது வேறு. வண்டி தாமதமாகும் நாட்களில் பிளாட்பாரத்தில் காத்திருக்கிறவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகியது.

"கொஞ்ச நேரந்தாங்க" என்றார். "பதறாதீங்க. தெறந்துருவாங்க."

குரல் நடுங்கவில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ரொம்ப நாளாக் காத்திருக்கீங்களோ?"

 மெத்தை அந்தப் பக்கம் அழுந்தியது, படுத்திருந்த ஒருவர் எழுந்து உட்காரும்போது அழுந்துவதுபோல. அவர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

இருவரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எவ்வளவு நேரம் என்று அவரால் பிறகு சொல்ல முடியவில்லை. பூட்டு ஒருமுறை க்ளக் என்றது. கதவு தண்டவாளத்தில் ஓடுவதுபோல வழுக்கித் திறந்தது. வெயில் உள்ளே விழுந்தது.

எபனேசர் வாசல்வரை வந்தார். இறங்கவில்லை. தடுப்புப் பலகையோடு ஒட்டி ஒதுங்கி நின்றார். தோளை ஏதோ உரசிக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் தரையில் கால் வைத்தார்.

வெளியே, இருபதடி தள்ளிப் புங்க மரத்தடியில் தூக்குப்போசியைத் திறந்து வைத்து ஜமீலா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை.

"நீங்களா தெறந்தீங்க?"

அவள் ரசச்சோறு ஒட்டிய கையைத் தூக்கிக் காட்டினாள்.

"எத்தனை பேருங்க?" என்று கேட்டாள்.

"ஒருத்தர்."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"பாக்கல" என்றார் எபனேசர். "வழி விட்டேன்."

ஜமீலா கடைசி வாயைச் சாப்பிட்டாள். எழுந்து போய்க் கை கழுவினாள். ஈரக் கையோடு துணிப்பையை எடுத்து வந்து அவரிடம் நீட்டினாள்.

"மாட்டிக்குங்க" என்றாள்.